லைஃப் கோச் என்னதான் செய்கிறார்?

கோச்சிங் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் விட்மோர் தன் புத்தகத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருடைய குழு நடத்திய டென்னிஸ் பயிற்சிக்கு ஒருமுறை எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. அகப்பட்டவர்கள் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு டென்னிஸ் தெரியாது. டென்னிஸ் பயிற்சியாளரின் உடையை மாட்டிவிட்டு, அக்குளில் ஒரு ராக்கெட்டை இடுக்கிக்கொள்ளச் சொல்லி, என்ன ஆனாலும் அதைக் கையில் எடுத்து வீசிக் காட்டக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு, அவர்களை ஆடுகளத்துக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். டென்னிஸ் தெரிந்தவர்களிடம் கற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஓரிரு முறை பனிச்சறுக்குக்காரர்களே மேலாகச் செய்துவிட்டார்கள்.

விட்மோர் கண்ட காரணம் இது. டென்னிஸ் தெரிந்தவரின் கண் தப்பைத் தேடிப் போகிறது. மணிக்கட்டு மடங்கிவிட்டது, கால் தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்குகிறார். டென்னிஸ் தெரியாதவருக்கு அந்தத் தப்புகள் கண்ணில் படுவதே இல்லை. அவரால் செய்ய முடிந்ததெல்லாம் ஆடுபவரை முழுசாகப் பார்ப்பதும், "இப்போ பந்து எங்க பட்டது? உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்பதும்தான். கேட்கக் கேட்க, ஆடுபவரின் கவனம் தன்மேல் திரும்புகிறது.

லைஃப் கோச்சிங் என்ற தொழிலைப் பற்றிக் கேள்விப்படும் யாருக்கும் முதலில் வருகிற சந்தேகம் இங்கேதான் இருக்கிறது. காசு கொடுத்து ஒருவரிடம் போய் உட்கார்ந்தால், அவர் யோசனை சொல்லாமல் நம்மையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், அதற்கு எதற்குக் காசு? நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் வேண்டுமென்றால் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது, எது வரைக்கும் அது செல்லும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வேர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. டிமதி கால்வே ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன இளம் குரு மகராஜ்-ஜியைப் பின்பற்றித் தியானம் செய்துவந்தவரும்கூட. அவர் ஒன்றைக் கவனித்தார்: தான் எவ்வளவு அதிகமாகச் சொல்லிக்கொடுக்கிறாரோ அவ்வளவுக்கு மாணவர்களின் உடம்பு விறைத்துக்கொள்கிறது. திருத்த வேண்டும் என்று நினைத்து, ஆனால் வாயைத் திறக்காமல் விட்ட தப்புகள் பல தாமாகவே சரியாகிவிடுகின்றன.

ஆடுபவருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. ஒருவர் ஓயாமல் கட்டளை போட்டு ஏசிக்கொண்டே இருப்பவர். இன்னொருவர் உண்மையில் பந்தை அடிப்பவர். முதலாமவரைக் கொஞ்சம் சும்மா இருக்க வைத்தால் இரண்டாமவர் தன் வேலையைப் பார்த்துக்கொள்வார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. பந்து தரையில் படும் கணத்தில் ஒரு சொல், ராக்கெட்டில் படும் கணத்தில் ஒரு சொல் என்று மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சரியாகச் சொல்வதிலேயே அந்தக் கட்டளைக் குரல் மும்முரமாகிவிடுவதால், கைக்கு விடுதலை கிடைக்கிறது. 1974-இல் வெளிவந்த அவருடைய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ டென்னிஸ் ஆடாதவர்களும் தேடிப் படித்த புத்தகமாயிற்று.

விட்மோருக்கு இது எப்படிக் கிடைத்தது? அவர் பிரிட்டிஷ் மோட்டார் பந்தய வீரர். 1965-இல் லோட்டஸ் கார்ட்டினா காரை ஓட்டி ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டம் வென்றவர். பந்தயத்தை விட்ட பிறகு கலிஃபோர்னியாவின் எசலன் நிலையத்துக்குப் போய் மனித மனம் பற்றிய புதிய சிந்தனைகளோடு பழகினார். கால்வேயின் முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து டென்னிஸிலும் பனிச்சறுக்கிலும் பயன்படுத்தினார். பயிற்சிக்கு வந்தவர்களில் நிறுவனங்களை நடத்துபவர்கள் இருந்தார்கள். இதையே அலுவலகத்தில் செய்ய முடியாதா என்ற கேள்வி எழுவதற்கு அதிக காலம் ஆகவில்லை. 1980-களில் கிரஹாம் அலெக்ஸாண்டர், ஆலன் ஃபைன் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையை 1992-இல் விட்மோரின் ‘கோச்சிங் ஃபார் பர்ஃபார்மன்ஸ்’ உலகம் முழுக்கப் பரப்பியது. அதுதான் ‘க்ரோ’ முறை. என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப்போகிறாய்: இந்த நான்கு படிகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது.

விளையாட்டும் நிறுவனமும் இப்படி ஒரு பக்கம். ‘லைஃப் கோச்’ என்று தனியாகப் பெயர்ப்பலகை மாட்டும் தொழில் வளர்ந்ததில் பெரும்பங்கு அமெரிக்கர் தாமஸ் லியோனார்டுக்கு உண்டு. அவர் நிதி ஆலோசகர். சேமிப்பு, வரி, முதலீடு என்று பேச வந்தவர்கள் அதை முடித்த பிறகும் எழுந்து போகாமல் வேறு விஷயங்களைப் பேசத் தொடங்கினார்கள். பணம் சேர்ந்துவிட்டது, இனி என்ன செய்வது? இந்த வேலையிலேயே ஓய்வு பெறும் வரை இருப்பதா? அவர்களில் பலருக்கு மனநோய் எதுவும் இல்லை; மருத்துவரிடம் போக வேண்டிய தேவையும் இல்லை. உட்கார்ந்து பேச ஓர் இடம்தான் இல்லை. 1980-களின் இறுதியில் லியோனார்டு இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார். அதில் சேர்ந்தவர்களில் லாரா விட்வொர்த் என்ற கணக்காளரும் ஒருவர். 1992-இல் லியோனார்டு ‘கோச் யூ’ என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். வகுப்புகள் பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடந்தன. அதே ஆண்டில் விட்வொர்த் வேறு இருவரோடு சேர்ந்து இன்னொரு பயிற்சி நிறுவனத்தை நிறுவினார். 1995-இல் லியோனார்டு தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்புதான் இன்று ஐசிஎஃப் என்ற பெயரில் இத்துறையின் மிகப்பெரிய அமைப்பு. அவர் 2003-இல், 47 வயதில் இறந்துபோனார்.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் நிதி ஆலோசகர், இன்னொருவர் கணக்காளர் என்பது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. அடுத்தவர் வீட்டு வரவு செலவைப் பார்க்கிறவரிடம் மனிதர்கள் மற்றதையும் சொல்லிவிடுகிறார்கள். எங்கே கடன், யாருக்காகக் கடன், எதை வாங்கி எதை வாங்காமல் விட்டார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வாழ்க்கை வெளியே வந்துவிடுகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

பொதுவாக வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ சந்திப்பு. நேரில், தொலைபேசியில், வீடியோவில் எப்படியும் இருக்கலாம். மூன்று மாதம், ஆறு மாதம் என்று முன்கூட்டியே ஒரு கால அளவு. தொடங்கும் முன் ஓர் ஒப்பந்தம்: எதைப் பற்றிப் பேசப்போகிறோம், எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம், பேசியது வெளியே போகுமா போகாதா. இதெல்லாம் சட்டென்று சொல்லி முடித்துவிடக்கூடியவை. சந்திப்பு எப்படி இருக்கும் என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயது தாண்டியவர். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் நீண்ட காலமாக வேலை. வேலையை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு வருகிறார். வீட்டில் அண்ணன், "இந்த வயசுல இருக்கற வேலையை விடறதாவது" என்கிறார். தோழி, "விட்டுட்டு நிம்மதியா இருடி" என்கிறாள். இருவரும் அவர்மேல் அக்கறை உள்ளவர்கள். இருவரும் கையில் பதிலோடு வருகிறார்கள். கோச் இப்படித் தொடங்குகிறார்:

"இன்னிக்குப் பேசி முடிக்கும்போது எது தெளிவானா, இந்த ஒரு மணி நேரம் உருப்படியாப் போச்சுன்னு நினைப்பீங்க மேடம்?"

"விடறதா, இருக்கறதான்னு தெரியணும் சார்."

"விட்டுடணும்னு கடைசியா எப்போ தோணிச்சு?"

"போன வியாழக்கிழமை. மாசக் கடைசிக் கணக்கை ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து முடிச்சுக் கொடுத்தேன். மறுநாள் மீட்டிங்ல மேனேஜர் அதைத் தானே செஞ்ச மாதிரி பேசினார். என் பேர் வரவே இல்ல."

"அதுக்கு முன்னால எப்போ தோணிச்சு?"

அவர் யோசிக்கிறார். கோச் குறுக்கே பேசுவதில்லை. "அதுவும் ஒரு மீட்டிங்தான் சார்."

"கணக்கு வேலை எப்படி இருக்கு?"

"அது எனக்குப் பிடிக்கும். அதுல ஒரு குறையும் இல்ல."

சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து உட்காருகிறார். வந்தபோது இருந்த கேள்வி வேலையை விடுவதா வேண்டாமா என்பது. இப்போது மேசையில் இருப்பது வேறு கேள்வி: செய்த வேலைக்குத் தன் பெயர் எப்படி வருவது? உங்கள் பிரச்சினை மேனேஜர்தான் என்று கோச் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் அந்த அம்மா ஒருவேளை மேனேஜரின் பக்கமே பேசத் தொடங்கியிருப்பார்.

அடுத்து வழிகள். மேனேஜரிடம் நேரில் பேசலாம். அறிக்கையில் தயாரித்தவர் பெயர் போடும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு கோச் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வேற?" முதல் இரண்டு பதில்கள் ஏற்கெனவே மனதில் இருந்தவை. மூன்றாவது, நான்காவது பதில்களில்தான் அதுவரை யோசிக்காத எதுவோ வருகிறது. அதற்காகவே அந்த ஒற்றைச் சொல்லை விடாமல் கேட்கிறார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மிக முக்கியம். பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போக நல்ல கோச் விடமாட்டார். என்றைக்கு? அடுத்த செவ்வாய்க்கிழமை. எத்தனை மணிக்கு? மீட்டிங்குக்கு முன்னால், ஒன்பதரைக்கு. செய்துவிடுவீர்கள் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்? ஆறு. ஆறு எட்டாக வேண்டுமானால் என்ன வேண்டும்? "என்ன பேசணும்னு நாலு வரி எழுதி வச்சுக்கணும் சார்." எழுதுவதும் செவ்வாய்க்கிழமை பேசுவதும் அவர் தானே ஏற்றுக்கொண்ட வேலைகள். அடுத்த அமர்வில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும். செய்யாமல் வந்தால் திட்டு விழாது, என்ன தடுத்தது என்பதே அன்றைய பேச்சாகும்.

இது வெறும் பேச்சு சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் பல படிகளுக்குப் பின்னால் ஆய்வுகள் இருக்கின்றன, சில வேறு துறைகளிலிருந்து வந்தவை. குடிப்பழக்கத்திலிருந்து விடுபட உதவும் சிகிச்சையில் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் ஒரு புதிய உரையாடல் முறையை முன்வைத்தார். அதுவரை அந்தத் துறையில் கண்டித்துப் பேசுவதே வழக்கம்: நீ ஒரு குடிகாரன், ஒத்துக்கொள் என்பார்கள். 1993-இல் மில்லரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை ஆட்டிப் பார்த்தது. ஆலோசகர் எவ்வளவு மோதிப் பேசினாரோ, அவ்வளவுக்கு வந்தவர் ஓராண்டு கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். மாறுவதற்கான காரணத்தை வெளியாள் சொன்னால் மனிதர் மாறாமலிருப்பதற்கான காரணத்தைத் தேடுகிறார். தானே வாய்விட்டுச் சொன்னால் அதன்பக்கம் சாய்கிறார். திருமணமான மகனுக்குப் புத்தி சொல்லிப் பார்த்த எந்தத் தகப்பனாருக்கும் இதற்கு ஆய்வு தேவைப்படாது.

என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று தோண்டித் தோண்டிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதை வெகுகாலம் ஆராய்ந்தவர். உடற்பயிற்சி செய்வேன் என்று முடிவெடுப்பவரைவிட, இந்த நேரம் வந்ததும் இந்த இடத்தில் இதைச் செய்வேன் என்று முடிவெடுப்பவர் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் உறுதிப்பட்டது.

கோச்சிங்கையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பெட்டிங்கரும் ரேச்சல் பேக்கரும் 13,555 மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். இன்சைட்ட்ராக் என்ற நிறுவனத்தின் கோச்கள் மாணவர்களைத் தாங்களாகவே அடிக்கடி தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். யாருக்குக் கோச், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் போல எதேச்சையாகத் தீர்மானித்ததால் ஒப்பீடு நம்பத்தக்கது. மாணவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், வயதில் மூத்தவர்கள். பேச்சில் பாடத்தைவிட அதிகம் வந்தவை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, ஷிஃப்டையும் வகுப்பையும் எப்படிச் சமாளிப்பது, கட்டணத்துக்கு என்ன வழி போன்றவை. ஓராண்டு கழித்து, கோச் இருந்தவர்களில் படிப்பைத் தொடர்ந்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் கூடுதல். கோச்சிங் நின்ற பிறகும் அந்த இடைவெளி முழுசாக மறைந்துவிடவில்லை. படிப்பைப் பாதியில் விட இருந்த ஒருவர் விடாமல் தொடர்ந்தார் என்றால் அவர் வீட்டில் அதன் மதிப்பு எந்தப் புள்ளிவிவரத்துக்கும் அடங்காது.

2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் தேபோமும் சகாக்களும் நிறுவனங்களில் நடந்த கோச்சிங் பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். செயல்திறன், மனநலம், சமாளிக்கும் திறன், வேலைமீதான மனப்பான்மை எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது. அதிகப் பலன் தெரிந்தது, வைத்த இலக்கை நோக்கித் தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறனில். ஒப்பிட இன்னொரு குழுவை வைத்துக் கறாராகச் செய்த ஆய்வுகளில் பலனின் அளவு குறைந்தது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அமர்வுகளின் எண்ணிக்கை கூடினால் பலன் கூடும் என்றும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் கோச்சிடம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

எந்த முறை நல்லது? ‘க்ரோ’வா, வேறொன்றா? எரிக் டி ஹான் என்ற ஆய்வாளர் தலைமையில் 1,895 கோச்-வாடிக்கையாளர் இணைகளை வைத்து 2016-இல் வெளிவந்த ஆய்வு இந்தக் கேள்விக்கு அருகே வருகிறது. பலனோடு மிக நெருக்கமாக இணைந்திருந்தது, இருவருக்கும் இடையில் நல்ல உறவும் இலக்கில் உடன்பாடும் இருப்பதாக வாடிக்கையாளர் உணர்வதுதான். இருவரின் சுபாவமும் ஒத்துப்போகிறதா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. ஆக, கலகலப்பானவருக்குக் கலகலப்பான கோச்தான் வேண்டும் என்பதில்லை. நம்பிப் பேச முடிகிறதா என்பதே கேள்வி.

இங்கே ஒரு நிறுத்தம் தேவை. கேள்வி மட்டும் கேட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று இத்துறையில் சிலர் பேசுவது மிகைப்பேச்சு. இந்திய வம்சாவளி அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2011-இல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரை இதைப் புரிந்துகொள்ள உதவும். பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு தன் திறமை ஒரே இடத்தில் நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தனக்கு முன்பு கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற மருத்துவர் ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்குக்கு அழைத்து, நின்று பார்க்கச் சொன்னார். அறுவை நன்றாகவே முடிந்தது என்றுதான் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீனின் கையிலிருந்த தாளில் குறிப்புகள் நிறைந்திருந்தன. விளக்கு நகர்ந்து, வெட்டிய இடத்தை விட்டு வெளிச்சம் விலகிப்போனதைக் கவாண்டே கவனிக்கவே இல்லை. சில சமயம் முழங்கை தோளுயரத்துக்கு எழும்பியது. அப்படி எழும்பினால் கையின் துல்லியம் போய்விடும். துணியைப் போர்த்திய விதத்தால் எதிரே நின்ற உதவியாளருக்கு இடம் போதவில்லை.

இதைப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பார்த்திருக்க முடியாது. அறுவை தெரிந்த கண்தான் பார்க்கும். ஒரு திறமையே கைவரவில்லை என்றால் தேவைப்படுவது ஆசிரியர்; துறையின் நெளிவுசுளிவு தெரிய வேண்டுமென்றால் அதில் பழம்தின்று கொட்டை போட்ட மூத்தவர். என்ன செய்ய வேண்டும் என்று ஏறக்குறைய தெரிந்திருந்தும் செய்யாமல் தள்ளிப்போடுகிறவருக்கும், இரண்டு ஆசைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவருக்கும்தான் லைஃப் கோச் பொருத்தமானவர். அந்த இடத்தில் வெளியாளின் துறை அறிவு கிட்டத்தட்ட பயன்படாது, ஏனென்றால் அங்கே நிபுணர் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்தான்.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியம். 2000-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் கோச்சிங் உளவியல் பிரிவைத் தொடங்கியவர் அந்தோனி கிராண்ட். இத்துறையை அறிவியலின் தராசில் நிறுத்த வேண்டும் என்று 2020-இல் இறக்கும்வரை பாடுபட்டவர். அவரும் சகாக்களும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளில், லைஃப் கோச்சிங்குக்கு முன்வந்த சாதாரண மக்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரைக்கும் மருத்துவ ரீதியாகக் கவனிக்க வேண்டிய அளவுக்கு மன உளைச்சலில் இருந்தார்கள். கோச்சிடம் போவதில் வெட்கமில்லை, மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கும் இடங்களில் இப்படி நடக்கத்தான் செய்யும். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழ்வதிலேயே விருப்பம் அற்றுப்போன ஒருவரிடம் ‘அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன செய்வீர்கள்’ என்று கேட்பது அவருக்கு உதவாது. தன்னால் முடியவில்லை என்ற பாரத்தைத்தான் கூட்டும். இதை அடையாளம் கண்டு, "இதுக்கு நீங்க பார்க்க வேண்டியவர் டாக்டர், நான் இல்ல" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கோச். வாடிக்கையாளருக்கு வேறு நிபுணர் தேவைப்பட்டால் அங்கே அனுப்ப வேண்டும் என்று ஐசிஎஃப்பின் நெறிமுறையும் எதிர்பார்க்கிறது.

ஆனால் அந்த நெறிமுறை அதன் உறுப்பினர்களையும் சான்றிதழ் பெற்றவர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் லைஃப் கோச்சாக இருக்க அரசு உரிமம் தேவையில்லை. இந்தியாவிலும் அப்படித்தான். இந்த ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்தது ஒரு கொடிய சான்று. ஜோடி ஹில்டெப்ரண்ட் உரிமம் பெற்ற மனநல ஆலோசகராக இருந்தவர். 2012-இல் அவருடைய உரிமம் நிபந்தனைக்கு உட்படுத்தப்பட்டது. பிற்பாடு அவர் ‘கனெக்ஷன்ஸ்’ என்ற நிறுவனத்தின் பெயரில் லைஃப் கோச்சாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்டில் அவர் வீட்டு ஜன்னல் வழியே தப்பித்த 12 வயதுச் சிறுவன் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றபோதுதான் உள்ளே நடந்த சித்திரவதை வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் குழந்தை வதைக்காக ஹில்டெப்ரண்டுக்கும், அவரை நம்பிப் பின்தொடர்ந்த அந்தச் சிறுவனின் தாய்க்கும், ஒவ்வொன்றும் 1 முதல் 15 ஆண்டுகள் வரையிலான நான்கு சிறைத்தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டன. எல்லாக் கோச்களையும் இதை வைத்து அளப்பது அநியாயம். உரிமம் தேவைப்படும் தொழிலில் கேள்விக்குள்ளான ஒருவருக்கு, உரிமமே தேவைப்படாத பக்கத்துத் தொழில் திறந்தே இருந்தது என்பதை மறப்பதும் அநியாயம்தான்.

தொழில் சிறியதும் அல்ல. ஐசிஎஃப் 2023-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின் மதிப்பீட்டில் கோச்களின் எண்ணிக்கை 1,09,200; ஆண்டு வருமானம் 450 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பேரில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

சான்றிதழ் ஓர் ஆரம்பம். ஐசிஎஃப் மூன்று நிலைகளில் அதைத் தருகிறது. முதல் நிலையான ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி வகுப்பும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். அடுத்ததான பிசிசிக்கு 125 மணி நேர வகுப்பும் 500 மணி நேர அனுபவமும். எம்சிசி என்ற உச்ச நிலைக்கு 200 மணி நேர வகுப்பும் 2,500 மணி நேர அனுபவமும். வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்பு முடித்துச் சட்டம் போட்ட சான்றிதழை மாட்டி வைத்திருப்பவருக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் இந்த எண்களிலேயே தெரியும். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பற்றி வெளிப்படையாகக் கேட்கலாம். சரியான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டணத்தை நிறுவனம் கொடுக்கிறது என்றால் இன்னும் ஒரு கேள்வி சேர்ந்துகொள்ளும்: நான் பேசுவதில் எது எச்ஆருக்குப் போகும்? இதை முதல் அமர்வுக்கு முன்பே மூன்று தரப்பும் எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்குக் கோச்சாக இருந்த மார்ஷல் கோல்ட்ஸ்மித் ஒரு படி மேலே போனார். வாடிக்கையாளர் மாறியிருக்கிறாரா என்பதை அவரோடு வேலை செய்கிறவர்களிடமே கேட்டு, மாற்றம் உண்டு என்று அவர்கள் சொன்னால்தான் தன் கட்டணத்தை வாங்கினார். எல்லோராலும் அப்படி முடியாது. பலனை யார், எதை வைத்து அளப்பார்கள் என்ற பேச்சாவது தொடக்கத்திலேயே வர வேண்டும்.

‘மூன்றே மாதத்தில் உங்கள் வருமானம் இரட்டிப்பாகும்’ என்று உறுதி தருபவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர், குடும்பத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளத் தூண்டுபவர், இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி என்று நெருக்குபவர்: இவர்களிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம். மனநலச் சிக்கல் என்று தோன்றினால் கோச்சை விட்டுவிட்டு, மனநல மருத்துவரையோ இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ பார்ப்பதுதான் சரி. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பும் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காது கொடுக்கிறது.

பல கோச்கள் முதல் சந்திப்பை இருபது, முப்பது நிமிட இலவசப் பேச்சாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று பேரிடம் அப்படிப் பேசிப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. பேசி முடித்த கையோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்: அதிக நேரம் பேசியது யார், அவர் கேட்டதில் இதற்கு முன் யாரும் கேட்காத கேள்வி ஒன்றாவது இருந்ததா, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விழுங்கியது ஏதாவது உண்டா. மூன்றாவதற்குப் பதில் ‘உண்டு’ என்றால், ஏன் சொல்ல முடியவில்லை என்பதையே அந்தக் கோச்சிடம் கேட்டுப் பார்க்கலாம். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பார்த்தபின் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது சுலபம்.